சிவப்பு மையில் போன பதினாறு பக்குவங்கள்

என் கல்யாணத்துக்கு வந்த பரிசுகளில் சமையல் புத்தகம் மட்டும் ஐந்து. அப்போது நான் தமிழில் முதுகலை முடித்து, பள்ளிக்கூட வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் எந்நேரமும் எதையாவது படித்துக்கொண்டிருப்பவள் என்பது சொந்தபந்தம் எல்லாருக்கும் தெரியும். படிக்கிறவளுக்குப் புத்தகம் கொடுக்கலாம் என்று ஐந்து பேருக்குத் தோன்றியிருக்கிறது. ஐந்து பேருக்கும் தோன்றிய புத்தகம் அது ஒன்றுதான். என் வீட்டுக்காரருக்கு இரண்டு கைக்கடிகாரமும் ஒரு உலக வரைபடமும் வந்தன.

வீம்புக்கென்றே அந்த ஐந்தையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். எல்லா முன்னுரைகளும் புதுப்பெண்ணைப் பார்த்துத்தான் பேசின. வீட்டு ஆம்பளையின் வயிறு வாடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லின. சமைத்தவள் எப்போது உட்கார்ந்து சாப்பிடுவது என்று ஒன்றிலும் இல்லை. பொருளடக்கத்தில் ஆரியக்களியைத் தேடினேன். கேழ்வரகுக்கு எங்கள் பக்கத்தில் ஆரியம் என்று பேர். கம்மஞ்சோற்றைத் தேடினேன். கொள்ளுக் கடைசலைத் தேடினேன். பண்ணைக்கீரையைத் தேடினேன். ஐந்து புத்தகத்திலும் ஒன்றுகூட இல்லை. அந்தப் புத்தகங்களின்படி பார்த்தால் எங்கள் அம்மா தன் வாழ்நாளில் ஒரு வேளைகூடச் சமைத்ததே கிடையாது.

இப்படி ஒரு கோபம் உள்ளே கிடந்ததால்தான், நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் மாதர் சங்கத்தின் தலைவி என்னைக் கூப்பிட்டு அனுப்பியபோது யோசிக்காமல் ஒத்துக்கொண்டேன். நாமக்கல்லுக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. தலைவிக்குத் தோட்டம் துரவு உண்டு, ஏழெட்டு லாரி ஓடுகிறது. நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் வந்து நிற்கிறவர். அவரை எனக்குப் பிடிக்கவும் செய்யும்.

"நம்ம பக்கத்து ஊட்டுச் சாப்பாட்டுக்குன்னு ஒரு புஸ்தகம் இல்லீங்க டீச்சர்," என்றார். "செட்டிநாடுங்கறாங்க, மதுரைங்கறாங்க. நாம என்ன தின்னோம்னு ஒருத்தருக்கும் தெரியாது. நீங்கதான் தமிழ் டீச்சர். ஊடு ஊடாப் போயி கேட்டு, நல்லா எழுதிக் குடுத்துருங்க. சங்கத்துல அச்சுப் போட்டுறலாம்."

அடுத்த எட்டு மாதம் என்னிடம் ஓய்வு நேரம் என்று ஒன்று இருக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவேன். முதலில் தலைவி வீட்டுக்குத்தான் போனேன். போகாமல் இருக்க முடியாது. அவர் வீட்டுச் செலவுக் குழம்பு ஊரறிந்தது. மிளகு, சீரகம், சுக்கு, திப்பிலி மாதிரி மருந்துச் சரக்கை எங்கள் பக்கத்தில் செலவு என்போம். அதை வறுத்து அரைத்து, பூண்டும் நல்லெண்ணெயும் சேர்த்துப் பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற குழம்பு. ஊரில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் மூன்றாம் நாள் தலைவி வீட்டிலிருந்து ஒரு தூக்குப்போசி நிறைய அது போய்விடும். என் இரண்டு பிரசவத்துக்கும் வந்தது.

கூடத்து சோபாவில் உட்கார்ந்து நோட்டை விரித்தேன்.

"எழுதிக்குங்க டீச்சர். மொதல்ல செலவெல்லாம் வறுத்துக்கோணும்."

"மொளகு எவ்வளவுங்க?"

"அது கண்ணளவுதானுங்க," என்றவர் சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏம்மா, மொளகு எத்தன போடறது?" என்றார்.

உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "சின்னக் கரண்டில ரெண்டுங்கம்மா."

"சின்னக் கரண்டில ரெண்டு," என்று தலைவி என்னிடம் சொன்னார்.

"திப்பிலிங்க?"

"ஏம்மா, திப்பிலி?"

"ஆறுங்கம்மா. அரிசித் திப்பிலியாப் பாத்து."

"ஆறு. அரிசித் திப்பிலி."

முதல் பக்கம் முடிகிற வரை இப்படியே போனது. பூண்டை உரித்தபடியே போடுவதா தட்டிப் போடுவதா என்பதுகூட அந்தக் குரலைக் கேட்டுத்தான் எனக்கு வந்தது. இதில் ஏதாவது ஒன்று வினோதமாக இருப்பதாகத் தலைவி முகத்தில் தெரியவில்லை. அவருக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன்.

அறுபது வயது இருக்கும் அந்த அக்காவுக்கு. ஒல்லியான உடம்பு. சேந்தமங்கலத்துக்குப் பக்கத்திலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வந்து அந்த வீட்டில் இருபத்தாறு வருஷமாகச் சமைக்கிறவர். என்னைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். நான் தரையில் உட்கார்ந்த பிறகுதான் அவரும் உட்கார்ந்தார்.

கூடத்தில் அரை மணி நேரம் எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். மிளகு வெடிக்கிற சத்தம் ஓய்ந்த பிறகுதான் சீரகம் போட வேண்டும். சேர்த்துப் போட்டால் சீரகம் கருகிக் கசக்கும், பிள்ளை பெற்றவள் வாயில் வைக்க மாட்டாள். ஆபரேஷன் பண்ணிப் பெற்றவளுக்கு முதல் வாரம் புளியே கூடாது. நல்லெண்ணெயைக் கடைசியில் சுற்றி ஊற்ற வேண்டும், முதலில் ஊற்றினால் கொதித்தே வாசம் போய்விடும். இவ்வளவும் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று காரணம் வைத்திருந்தார். என்னுடைய ஐந்து புத்தகங்களில் ஒரு 'ஏன்' கிடையாது.

"உங்க ஊட்ல என்னங்க்கா ஆக்குவீங்க?" என்று கேட்டேன்.

சிரித்தார். "எங்கூட்டுச் சோத்தையா? அதைய எவ அம்மிணி படிப்பா?"

"நான் படிப்பேன். சொல்லுங்க."

பிறகு நத்தைக் குழம்பு சொன்னார். வயல் நத்தையைப் பொறுக்கி வந்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டால் வயிற்று மண்ணெல்லாம் கக்கிவிடும். மறுநாள் வேகவைத்து, கருவேல முள்ளால் குத்திக் கறியை எடுத்து, கல் உப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். வழுவழுப்பு போகிற வரைக்கும் கழுவ வேண்டும். "எட்டுத் தண்ணி," என்று விரல்களைக் காட்டினார். பிறகு சின்ன வெங்காயம், மல்லி, மிளகு, பூண்டு. சொல்லும்போதே அவர் குரல் மாறிவிட்டது. கூடத்துக்குக் கேட்கும்படி பதில் சொன்ன குரலில்லை இது.

முடித்துவிட்டு, "எம்பேரு போடுவீங்களா அம்மிணி?" என்று கேட்டார். "எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். எம்பேருன்னா சட்டுனு தெரிஞ்சுக்குவேன்."

"போடாம இருப்பனாக்கா? ஊரோட சேத்துப் போடறேன்," என்றேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வேலை பிடிபட்டது. யாரிடமும், விருந்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்கவில்லை. நேற்றைக்கு என்ன ஆக்கினீர்கள் என்று கேட்டேன். ரத்தப் பொரியல் சொன்னார்கள். முதல் மழைக்குக் கிளம்புகிற ஈசலைப் பிடித்து அரிசியோடு வறுப்பதைச் சொன்னார்கள். குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிற ஒருத்தி, ஷிப்டு முடிந்து வந்து பத்தே நிமிஷத்தில் வைக்கிற பச்சைப்புளி ரசத்தைச் சொன்னாள். அதில் அடுப்புக்கே வேலையில்லை. நூற்றுச் சொச்சம் பக்குவம் சேர்ந்தது.

ஜலகண்டாபுரம் பக்கத்தில் இருக்கிற என் அம்மாவிடமும் போனேன். எங்கள் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் காட்டில் வேலை செய்து எங்களைப் படிக்க வைத்தவர்கள். காட்டுக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் அம்மா பாத்திரம் கழுவப் போவார். கடைசியில், மிஞ்சின குழம்பு, கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் ஒரே குண்டாவில் கொட்டிக் கொடுத்து அனுப்புவார்கள். அம்மா அதை அப்படியே எங்கள் தட்டில் ஊற்றியது கிடையாது. புதுச்சட்டியில் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தாளித்து, புளி கரைத்து ஊற்றி, அந்தக் கலவையைச் சேர்த்து, மேலே எண்ணெய் தெளிகிற வரைக்கும் சுண்டவிடுவார். மூன்று நாளைக்கு இருக்கும். நானும் தம்பியும் சட்டியை வழித்து நக்குவோம். பத்தாவது படிக்கும்போது ஒருநாள் அதை வேண்டாமென்று தள்ளிவிட்டு எழுந்தேன். அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது விளங்கிவிட்டது.

"அதையா எழுதப் போற?" என்று அம்மா கேட்டார்.

"ஆமாம்மா. அதுக்குப் பேரென்ன?"

"பேரென்ன பேரு. கொழம்புதான்."

நானே 'கல்யாண வீட்டு மிச்சக் குழம்பு' என்று பெயர் வைத்து எழுதிக்கொண்டேன்.

எழுதி முடித்ததும் தலைவி வீட்டுக் கூடத்தில் கமிட்டி கூடியது. என்னைச் சேர்க்காமல் ஏழு பேர். ஆளுக்கொரு ஜெராக்ஸ் கட்டு. தலைவி கையில் சிவப்புப் பேனா.

நத்தைக் குழம்புக்கு வந்ததும் ஒரு அம்மா மூக்கைச் சுளித்தார். தலைவி ஒரு கோடு இழுத்தார். ஈசலுக்கு ஒரு கோடு. ரத்தப் பொரியலுக்கு ஒரு கோடு.

"அது இங்க எல்லா ஊட்லயும் பண்றதுங்களே," என்றேன். "உங்கூட்லயும் பண்ணுவாங்க."

"பண்ணுவாங்க டீச்சர். பண்றது வேற, புஸ்தகத்துல போடறது வேற. வெளிநாட்டுல இருக்கற நம்ம புள்ளைங்க வாங்கிப் படிப்பாங்க. நாம இதையெல்லாமா தின்னோம்னு நெனைக்க மாட்டாங்களா?"

"தின்னோம்தானுங்களே?"

"எல்லாருமா தின்னோம்?" என்றார் அவர். அந்த 'எல்லாரும்' யார், அதில் இல்லாதவர்கள் யார் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். நான் எந்தப் பக்கம் என்பதும் தெரியும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

கோடுகள் போய்க்கொண்டே இருந்தன. குடலுக்கு ஒன்று. கோழிப்பாதத்துக்கு ஒன்று. கம்மங்கூழுக்கு இரண்டு விதம் எழுதியிருந்தேன். மோர் ஊற்றியதை வைத்துக்கொண்டு, வெறும் உப்பும் தண்ணீரும் ஊற்றியதை அடித்தார்கள். பிறகு அது வந்தது.

"கல்யாண வீட்டு மிச்சக் குழம்பு," என்று தலைவி வாய்விட்டுப் படித்தார். இரண்டு பேர் சிரித்தார்கள். "மிச்சத்தைக் கொட்டிக் கொதிக்க வெச்சா அது ஒரு பக்குவமாங்க? இது யாரு டீச்சர் குடுத்தது?"

எனக்கு ஐம்பது வயது. தலைமையாசிரியரை எதிர்த்துப் பேசியவள். வகுப்பில் பிள்ளைகளுக்குத் தலை நிமிர்ந்து நிற்கச் சொல்லிக் கொடுக்கிறவள். நான் சொன்ன பதில் இது: "யாரோ ஒரு அம்மா சொன்னாங்க."

பதினாறாவது கோடு விழுந்தது.

அதற்குப் பிறகு நான் பேரம் பேசினேன். அடித்தது போகட்டும், மிச்சமிருக்கிற ஒவ்வொரு பக்குவத்தின் கீழேயும் சொன்னவர் பெயரும் ஊரும் வர வேண்டும் என்றேன். தலைவி உடனே தலையாட்டினார். "அதுக்கென்னங்க, போட்டுறலாம்." ஏதோ ஜெயித்துவிட்ட நினைப்பில் வீட்டுக்கு வந்தேன். அச்சகத்திலிருந்து வந்த திருத்தப் பிரதியிலும் பெயர்கள் இருந்தன. சமையல்கார அக்காவின் பெயரில் ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தது. அதையும் திருத்திக் கொடுத்தேன்.

புத்தக வெளியீடு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. புத்தகத்தில் இருக்கிற பதார்த்தங்களையே மதியச் சாப்பாடாகப் போடுவது என்று ஏற்பாடு. மேடையில் என்னை உட்கார வைத்து, கையில் புதுப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். வழவழப்பான தாள். ஒவ்வொரு பக்கத்திலும் படம். செலவுக் குழம்பைத் திருப்பினேன். அதன் கீழே தலைவியின் பெயர் இருந்தது.

மற்ற பக்கங்களையும் புரட்டினேன். கமிட்டிக்காரர்கள் ஏழு பேரின் பெயர்கள் மாறி மாறி வந்தன. பச்சைப்புளி ரசம் அந்த மூக்கைச் சுளித்த அம்மாவின் பெயரில் இருந்தது. கடைசிப் பக்கத்தில், குறிப்புகள் தந்து உதவிய இல்லத்தரசிகள் அனைவருக்கும் நன்றி என்று ஒரே வரி. தறி ஓட்டுகிறவளும் அடுத்தவர் வீட்டில் சமைக்கிறவளும் அந்த 'இல்லத்தரசி'க்குள் அடங்கிவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைவியிடம், "பேரெல்லாம் எங்கீங்க?" என்று கேட்டேன்.

"எடம் பத்தலைனு அச்சகத்துல சொன்னாங்க டீச்சர். விடுங்க. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

ஒவ்வொரு பக்கத்திலும் அரைப் பக்கத்துக்குத் தேங்காய்ச் சில்லும் கறிவேப்பிலையும் படமாகக் கிடந்தன. பெயருக்குத்தான் இடம் இல்லாமல் போய்விட்டது.

என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பைக்குள் போட்டேன். "இந்தச் செலவுக் குழம்பை எனக்குச் சொன்னவர் மேடையில் இல்லை," என்று ஆரம்பித்தேன். "இருபத்தாறு வருஷமாக இந்த ஊரில் பிள்ளை பெற்றவர்கள் அத்தனை பேருக்கும் அதை ஆக்கினவர் இப்போது பின்னால் உங்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருக்கிறார். இந்தப் புத்தகத்தில் அவர் பெயர் இருந்தது. யாரோ எடுத்திருக்கிறார்கள்." சொல்லிவிட்டு அக்காவின் பெயரை மைக்கில் இரண்டு முறை கூப்பிட்டேன்.

பக்கக் கதவில் வந்து நின்றார். கையெல்லாம் ஈரம். என்ன தப்பு நடந்துவிட்டதோ என்று பயந்த முகம். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

தலைவி எழுந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று எனக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் அவர் என்னைத் திரும்பியும் பார்க்காமல், சிரித்த முகமாகக் கீழே இறங்கி, அக்காவின் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிவந்தார். தனக்குப் போட்டிருந்த பொன்னாடையை எடுத்து அவருக்குப் போர்த்தினார். ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார். "இவங்க எங்கூட்ல ஒருத்தருங்க. பேரு போட்டாத்தானுங்களா?" என்று மைக்கில் சொன்னார். கைதட்டல் அடங்க நேரமானது. போட்டோ எடுத்தார்கள். அக்கா பொன்னாடையோடு போய்ப் பந்திக்குப் பரிமாறினார். நான் சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, திருத்தம் செய்யச் சொல்லிக் கேட்பதற்காகத் தலைவி வீட்டுக்குப் போனேன். காபி கொண்டுவந்தது வேறு ஒரு பெண்.

"அக்கா வரலீங்களா?"

"நிறுத்திட்டேனுங்க டீச்சர்," என்றார், காபியை ஆற்றிக்கொண்டே. "அவங்களுக்குத்தான் இப்பப் பேரு வந்துருச்சே. எங்கூட்டு அடுப்புல எதுக்கு வேகோணும்?"

காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன். வழியெல்லாம் வாய்விட்டே திட்டிக்கொண்டு வந்தேன். இருபத்தாறு வருஷம். ஒரு வாய் வார்த்தையில் முடிந்தது. அதுவும் நான் பேசிய பேச்சுக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். மலையடிவாரத்தில், ஓட்டு வீடு. வாசலில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"வேலை போனதுக்கு நாந்தாங்க்கா காரணம்," என்றேன். "உங்களைக் கேக்காம மேடைல பேசிட்டேன். மன்னிச்சுக்குங்க."

"வேலை கெடக்குதுங்க டீச்சர். நாமக்கல்லுல ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல வரச் சொல்லியிருக்கறாங்க. கையி இருக்கற வரைக்கும் சோத்துக்குப் பஞ்சமில்ல." எழுந்து உள்ளே போய் அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். "என்ற நத்தைக் கொழம்பு எந்தப் பக்கத்துல இருக்குது? காட்டுங்க."

புத்தகத்தைப் புரட்டாமல் அட்டையையே பார்த்தேன்.

"ரெண்டு நாளா எழுத்துக் கூட்டித் தேடறேன். அட்டையில இருந்து கடைசி வரைக்கும் பாத்துட்டேன். எனக்குத்தான் படிக்கத் தெரியலையாட்டம் இருக்குதுன்னு பக்கத்தூட்டுப் புள்ளையக் கூப்புட்டுக் காட்டுனேன். அவளும் இல்லைங்கறா."

"கமிட்டில அடிச்சுட்டாங்கக்கா."

"நீங்க அந்தக் கமிட்டில இல்லீங்களா?"

"இருந்தேன்."

"செலவுக் கொழம்பு அவங்க ஊட்டுச் சாமான்ல, அவங்க ஊட்டு அடுப்புல ஆக்குனது. அதுக்கு அவங்க பேரு இருந்தா இருந்துட்டுப் போவுது. அதுக்குப் போயி மைக்குல சண்டை போட்டீங்க. நத்தைக் கொழம்பு என்ற ஊட்டுது. எங்கம்மாகிட்ட நான் கத்துக்கிட்டது. அதையத்தான் உங்கள நம்பிச் சொன்னேன். அதைய அடிக்கறப்ப நீங்க என்ன பண்ணீட்டு இருந்தீங்க?"

குரலை உயர்த்தவே இல்லை அவர். அதுவரைக்கும் இந்தக் கதையில் கோபப்படுகிற உரிமை என்னுடையது என்று நினைத்திருந்தேன். பெயர்களைக் காப்பாற்றிக்கொள்ளப் பதினாறு பக்குவங்களை விட்டுக்கொடுத்தேன், பெயர்களையும் கோட்டைவிட்டேன். விட்டுக்கொடுத்தது யாருடையதை என்று யோசிக்கவே இல்லை.

"எங்கம்மா சொன்னதையும் அடிச்சாங்க," என்றேன். அது எனக்கே சாக்குப்போலக் கேட்டது.

"அப்ப என்ன சொன்னீங்க?"

"யாரு குடுத்ததுன்னு கேட்டாங்க. யாரோ ஒரு அம்மான்னு சொன்னேன்."

கீரை உருவுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "மொதல்ல போயி உங்கம்மாகிட்ட இதையச் சொல்லிப்போட்டு வாங்க," என்றார். "அப்பறம் நாம பேசலாம்."

ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு ஜலகண்டாபுரம் பஸ் ஏறினேன். அம்மா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். கமிட்டி சிரித்ததையும் சொன்னேன், நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

அம்மா இன்னொரு கடலையை உடைத்தார்.

"நீ சொன்னது இருக்கட்டும்," என்றார். "பத்தாவது படிக்கறப்பவே நீ தட்டைத் தள்ளுனவதான். எனக்கென்ன புதுசா?" அது போதாதா எனக்கு. ஆனால் அதற்கப்புறம்தான் அவருக்குக் கோபம் ஏறியது. "அவ என்ன சொன்னாளாம், மிச்சத்தைக் கொட்டிக் கொதிக்க வெச்சா பக்குவமான்னா? ஏழு கொழம்பு. ஒண்ணு தேங்கா அரைச்சது, ஒண்ணு தயிர் ஊத்துனது, ஒண்ணு இனிப்பு. எல்லாத்தையும் ஒரே குண்டால ஊத்திக் குடுத்துருவாளுக. தேங்காயும் தயிரும் சாயங்காலத்துக்குள்ள கெட்டுப்போகும். அதைய மூணு நாளைக்குக் கெடாம, புள்ளைங்க வவுத்துக்கு ஒண்ணும் பண்ணாம வெக்கச் சொல்லு பாக்கலாம் அவளை! எத்தன புளி, எப்ப அடுப்பைத் தணிக்கோணும், எப்பக் கெளறக் கூடாதுன்னு அவளுக்குத் தெரியுமா? கொட்டறதுக்கு ஒருத்தி போதும். அதைய மறுபடி சோறாக்கறதுக்கு எத்தன தெரிஞ்சிருக்கோணும்!"

நோட்டு என் பையில் இருந்தது. முதல் தடவை சொன்னபோது விட்டுப்போனதையெல்லாம் அன்றைக்கு எழுதினேன். தயிர் சேர்ந்த கலவைக்கு ஒரு கைப்பிடி வறுத்த கொள்ளு மாவு தூவ வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு, "இதைய அன்னைக்கு நீ கேக்கவே இல்லை. சீக்கிரம் எந்திரிச்சுப் போகோணும்னு இருந்த," என்றார். உண்மைதான்.

சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பெயர்களைத் திரும்பப் போட வேண்டும், இல்லாவிட்டால் தொகுத்தவர் என்று என் பெயரும் இருக்கக் கூடாது என்று எழுதினேன். பதில் வரவில்லை. இரண்டாம் பதிப்பு வந்தது. அதில் என் பெயர் இல்லை. தொகுப்பாசிரியர் இடத்தில் தலைவியின் பெயர் இருக்கிறது. கேட்டதில் பாதியை எவ்வளவு சுறுசுறுப்பாகச் செய்துவிட்டார்கள்! பச்சைப்புளி ரசம் மட்டும் கைமாறி வேறொரு கமிட்டிக்காரர் பெயருக்குப் போயிருக்கிறது. அப்படி ஒரு தாராள மனசு.

அடிக்கப்பட்ட பதினாறையும் நானே கம்ப்யூட்டரில் அடித்தேன். கொடுத்த பதினாறு பேரையும் மறுபடி பார்த்து, எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டினேன். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் ஈசல் வறுவலுக்குக் கீழே பேர் வரக் கூடாது என்றார் ஒருவர். அந்தப் பயத்தை யார் கொடுத்தது என்று நினைத்தால் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஆனால் அவர் கேட்டபடியே எடுத்துவிட்டேன். இந்த முறை கேட்காமல் எதுவும் செய்வதில்லை என்று இருந்தேன். பதினான்கு மிஞ்சியது. ஜெராக்ஸ் கடையில் நாற்பது பிரதி எடுத்து, சுருள் கம்பி போட்டுக் கட்டினேன். படம் கிடையாது.

அக்கா ஹாஸ்டலில் இப்போது நூறு பெண்களுக்குச் சமைக்கிறார். பிரதி எடுப்பதற்கு முன்னால் ஒரு விடுமுறை நாளில் அவர் வீட்டுக்குப் போய், அம்மாவிடம் சொல்லிவிட்டதைச் சொன்ன பிறகு நத்தைக் குழம்பை வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் நிறுத்தினார்.

"ஆறு தண்ணின்னு படிச்சீங்க. எட்டுத் தண்ணிங்க டீச்சர். ஆறுல நிறுத்துனா வழவழன்னுதான் இருக்கும். படிச்சுப்போட்டு எவளாச்சும் ஆக்கிப் பாத்து, நல்லால்லைனு என்னையல்ல வைவா?"

எட்டு என்று திருத்தினேன். மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னார். படித்தேன்.